சீட்டு விழுந்தால் சீட்: அமெரிக்க சார்ட்டர் பள்ளிச் சேர்க்கை நடப்பது எப்படி?

மகளுக்கு ஒரு சார்ட்டர் பள்ளியில் இடம் கிடைத்த செய்தியைத் திருநெல்வேலியில் இருக்கும் அத்தையிடம் தொலைபேசியில் சொன்னேன். "ரொம்ப சந்தோஷம் மருமகனே. டொனேஷன் எவ்வளவு கேட்டார்கள்?" என்றார். ஒரு காசும் கேட்கவில்லை, குலுக்கலில் பெயர் விழுந்தது என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு மெல்லக் கேட்டார்: "குலுக்கலா? அப்படியென்றால் அது அவ்வளவு நல்ல பள்ளிக்கூடம் இல்லையோ?"

அத்தையைக் குறை சொல்ல முடியாது. நியூ ஜெர்சியில் பத்துப் பதினைந்து ஆண்டுகளாகக் குடியிருப்பவர்களே இதில் குழம்பிக் கிடக்கிறார்கள். வார இறுதித் தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் அரை மணி நேரத்தில் நான் கேட்டவை இவை: சார்ட்டர் பள்ளி என்பது தனியார் பள்ளி, அதற்கு நுழைவுத் தேர்வு உண்டு, முதல் ஆளாக விண்ணப்பித்தால் இடம் நிச்சயம், உள்ளே யாரையாவது தெரிந்திருந்தால் காரியம் சுலபம். முதல் இரண்டும் அநேகமாக எல்லா இடத்திலும் தவறு. மூன்றாவது பெரும்பாலான இடங்களில் தவறு. நான்காவதில் நம் ஊர் அனுபவம் பேசுகிறது.

மினி பஸ்ஸும் பர்மிட்டும்

நம் ஊரில் தனியார் மினி பஸ் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். வண்டி ஒரு முதலாளியுடையது. ஓட்டுநரை நியமிப்பதும் வண்டிக்கு என்ன நிறம் பூசுவது என்று முடிவு செய்வதும் அவர்தான். ஆனால் எந்தத் தடத்தில் ஓடலாம், எவ்வளவு கட்டணம் வாங்கலாம் என்பதை அரசு கொடுக்கும் பர்மிட் தீர்மானிக்கிறது. நிபந்தனையை மீறினால் பர்மிட் போய்விடும்.

சார்ட்டர் பள்ளியும் ஏறக்குறைய இப்படித்தான். சார்ட்டர் என்ற சொல்லுக்கு உரிமைப் பத்திரம் என்று பொருள். ஆசிரியர்களோ ஊர்க்காரர்களோ ஒரு லாபநோக்கற்ற அமைப்போ, "இப்படி ஒரு பள்ளி நடத்துகிறோம், பிள்ளைகள் இன்ன அளவுக்குக் கற்பார்கள்" என்று எழுதிக் கொடுத்து அந்தப் பத்திரத்தைப் பெறுகிறார்கள். பாடத்திட்டம், பள்ளி நேரம், ஆசிரியர் நியமனம் ஆகியவற்றில் அவர்களுக்குச் சுதந்திரம் அதிகம். பத்திரத்துக்குக் காலக்கெடு உண்டு. நியூ ஜெர்சியில் முதலில் 4 ஆண்டு. புதுப்பித்தால் 5 ஆண்டு. சொன்னதைச் செய்யாவிட்டால் புதுப்பிக்க மாட்டார்கள், பள்ளியை மூட வேண்டியதுதான்.

பஸ் உவமை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. இந்த வண்டியில் பயணி டிக்கெட் வாங்குவதில்லை. ஏறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இவ்வளவு என்று அரசுப் பணம் பள்ளிக்குப் போகிறது. ஆகவே கல்விக் கட்டணம் கிடையாது, டொனேஷனும் கிடையாது. சட்டத்தின் பார்வையில் இது அரசுப் பள்ளியே.

இதற்கான முதல் சட்டத்தை மின்னசோட்டா மாநிலம் 1991-இல் இயற்றியது. அடுத்த ஆண்டே அங்கே செயின்ட் பால் நகரில் முதல் பள்ளி திறந்தது. 2021-இல் நாடு முழுவதும் சுமார் 37 லட்சம் பிள்ளைகள் இத்தகைய பள்ளிகளில் படித்தார்கள். விதிகளை அந்தந்த மாநிலமே வகுக்கிறது. அதனால் டெக்சஸில் இருக்கும் தம்பி சொல்லும் அனுபவம் கலிபோர்னியாவில் இருக்கும் அண்ணனுக்குப் பொருந்தாமல் போகலாம்.

நுழைவுத் தேர்வு என்ற குழப்பம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. அமெரிக்காவில் தேர்வு வைத்து எடுக்கும் அரசுப் பள்ளிகளும் இருக்கின்றன. நியூயார்க்கின் ஸ்டைவசன்ட் உயர்நிலைப் பள்ளி அதற்குப் பேர்போனது. நம்மவர்கள் அந்தப் பெயரை மந்திரம்போல் சொல்வார்கள். அது சார்ட்டர் பள்ளி அல்ல. நகரக் கல்வித் துறையே நடத்தும் பள்ளி. 'மேக்னட்' என்ற பெயரில் இயங்கும் சிறப்புப் பள்ளிகளும் அப்படித்தான். இவற்றில் சிலவற்றுக்குத் தேர்வு உண்டு. பேச்சில் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: நடத்துவது தனி அமைப்பு, பணம் அரசுடையது, கட்டணம் இல்லை. அரசுப் பணம் வாங்குவதால் பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கும் உரிமை பள்ளிக்கு இல்லை. குலுக்கல் பிறப்பது இந்தக் கடைசி வரியில்தான்.

உத்திரமேரூர்க் குடம்

இடம் 50, விண்ணப்பம் 40 என்றால் பேச்சே இல்லை, எல்லோரையும் சேர்த்தாக வேண்டும். விண்ணப்பம் 230 வந்தால்? மதிப்பெண் பார்க்கக் கூடாது, நேர்காணல் கூடாது, பெற்றோரின் பட்டமும் பதவியும் பார்க்கக் கூடாது. மிஞ்சியிருப்பது சீட்டுக் குலுக்கல்தான். சார்ட்டர் பள்ளிகளுக்கு நிதி தரும் மத்திய அரசுத் திட்டமும் இதையே நிபந்தனையாக வைத்திருக்கிறது. கலிபோர்னியச் சட்டம் ஒருபடி மேலே போய், குலுக்கல் பொதுவெளியில் நடக்க வேண்டும் என்கிறது.

இதைப் புரிந்துகொள்ள நமக்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளை ஒட்டி வெட்டிய கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊர்ச் சபை வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் முறை அதில் உள்ளது. ஊர் 30 குடும்புகளாக, அதாவது இன்றைய வார்டு போன்ற பிரிவுகளாக, பிரிந்திருந்தது. வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும், வயது 35-க்கும் 70-க்கும் இடையில் இருக்க வேண்டும், முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் கூடாது என்று முதலில் ஒரு சல்லடை. அதில் தேறியவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, சபை பார்க்க, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொன்னார்கள்.

குடத்தை விட எனக்கு அந்தச் சல்லடை முக்கியமாகப் படுகிறது. சீட்டு எடுப்பது மட்டும்தான் அதிர்ஷ்டம். யாருடைய ஓலை குடத்துக்குள் போகலாம் என்பது விதி. சார்ட்டர் பள்ளிச் சேர்க்கையில் நம்மவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் விதியைத்தான். பழியோ அதிர்ஷ்டத்தின் மேல் விழுகிறது.

குடத்துக்குள் ஓலை போக மூன்று விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும். முதலாவது வயது. கின்டர்கார்டன் எனப்படும் ஆரம்ப வகுப்புக்கு கலிபோர்னியாவிலும் டெக்சஸிலும் செப்டம்பர் 1-க்குள் ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். நியூயார்க் நகரத்தில் அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை அவகாசம் உண்டு. அடுத்தது முகவரி; அது ஏன் முக்கியம் என்பது சற்றுப் பின்னால் வரும். மூன்றாவது கெடு நாள். நியூயார்க் மாநிலச் சட்டம் ஏப்ரல் முதல் நாளைக் குறிப்பிடுகிறது. அதற்குள் வந்த விண்ணப்பங்கள் எல்லாம் ஒரே குடத்தில் விழும். நவம்பரில் அனுப்பியவருக்கும் மார்ச் கடைசி இரவில் அனுப்பியவருக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. எல்.கே.ஜி. விண்ணப்பத்துக்காக நள்ளிரவிலேயே பள்ளி வாசலில் துண்டு விரித்துப் படுத்த தலைமுறைக்கு இதை நம்புவது கஷ்டம். டெக்சஸ் சட்டமோ, முறைப்படி முன்னறிவிப்பு கொடுத்த பள்ளி வந்த வரிசைப்படி சேர்க்கலாம் என்று ஒரு வழி விட்டு வைத்திருக்கிறது. கெடு தாண்டி வந்த விண்ணப்பமோ எங்கேயும் கடைசி ஆளாகத்தான் நிற்க வேண்டும்.

ஒரே குடம் அல்ல

குலுக்கல் என்றதும் எல்லோருக்கும் சம வாய்ப்பு என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் குடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கின்றன. முதல் குடம் காலியான பிறகுதான் அடுத்ததில் கை வைப்பார்கள். இந்த வரிசைக்குப் பெயர் முன்னுரிமை.

பொதுவான ஒழுங்கு இது. ஏற்கெனவே அங்கே படிக்கும் பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போகக் குலுக்கலே தேவையில்லை. அவர்களுடைய உடன்பிறந்தவர்களுக்கும், பள்ளி இருக்கும் கல்வி வட்டாரத்தில் (ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்) குடியிருப்பவர்களுக்கும் அடுத்தடுத்து இடம். இந்த இரண்டில் எது முந்தும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சில மாநிலங்கள் பள்ளி ஊழியர்களின் பிள்ளைகளுக்கும் சிறிய அளவில் முன்னுரிமை தர அனுமதிக்கின்றன. இவை எல்லாம் போக மீதி இருந்தால் வெளியூர்க்காரர்கள்.

ஒரு கற்பனைப் பள்ளியை வைத்துக் கணக்குப் போடுவோம். ஆரம்ப வகுப்பில் 50 இடம், 230 விண்ணப்பம். அதில் 12 பேர் உள்ளூரில் குடியிருக்கும் உடன்பிறந்தவர்கள். அவர்கள் முதலில் உள்ளே போய்விடுகிறார்கள். மிச்சம் 38 இடம். உள்ளூர்ப் பிள்ளைகள் 190 பேர். ஆக, ஐந்து பேரில் ஒருவருக்கு இடம். மீதி 152 பேர் காத்திருப்போர் பட்டியலில் 1 முதல் 152 வரை. பக்கத்து ஊரிலிருந்து விண்ணப்பித்த 28 பேருக்கு? அவர்களில் அதிர்ஷ்டசாலியின் எண் 153. குடத்தில் அவர் பெயர் முதலாவதாகவே வந்தாலும் 153தான்.

"எங்களுக்கு மட்டும் எப்போதும் விழுவதே இல்லை, ஏதோ உள்ளடி வேலை நடக்கிறது" என்று புலம்பும் நண்பர் ஒருவர் எல்லைக்கு அந்தப் பக்கம், இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார். உள்ளடி வேலை எதுவும் தேவையில்லை, அந்த இரண்டு தெருவே போதும். வாடகை வீடு தேடும்போது கல்வி வட்டார எல்லையைப் பார்க்கச் சொன்னால் இப்போதும் சிரிக்கிறார்.

இன்னொரு சொல்லும் காதில் விழும்: எடை கூட்டிய குலுக்கல். வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகள், ஆங்கிலம் இன்னும் கைவராத பிள்ளைகள் போன்றோரின் பெயரில் ஓர் ஓலைக்குப் பதில் இரண்டு ஓலை போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான். எல்லா மாநிலத்திலும் இது கிடையாது.

வகுப்பும் கணக்கை மாற்றும். ஆரம்ப வகுப்பில் 50 இடம் திறக்கும் பள்ளி, மூன்றாம் வகுப்பில் இரண்டோ மூன்றோ இடம்தான் திறக்கும். யாராவது ஊர் மாறிப் போனால்தான் அதுவும். சில பள்ளிகள் மேல் வகுப்புகளில் காலி இடத்தை நிரப்புவதே இல்லை. "ஒரு வருடம் பொறுத்துப் பார்க்கலாம்" என்று தள்ளிப் போடுபவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

சுருக்கமாக: தகுதி ஒரு சல்லடை, முன்னுரிமை குடங்களின் வரிசை, அதிர்ஷ்டம் ஒவ்வொரு குடத்துக்குள்ளும் மட்டும். ஒரு பள்ளியில் இடம் கிடைக்குமா என்று கேட்பதற்கு முன் நம் ஓலை எத்தனையாவது குடத்தில் கிடக்கிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

நெல்லை எக்ஸ்பிரஸும் 17-ஆம் எண்ணும்

தீபாவளிக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் காத்திருப்புப் பட்டியல் டிக்கெட் எடுத்தவர்களுக்கு அடுத்த கட்டத்தை விளக்கவே வேண்டாம். யாரோ ரத்து செய்யச் செய்ய நம் எண் முன்னேறும். இங்கேயும் அதேதான். ஒரே குடும்பம் நான்கைந்து பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கும். இரண்டில் இடம் கிடைக்கும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விடும். அந்த இடம் பட்டியலில் இருப்பவருக்கு வரும். ஆகவே இரட்டை இலக்க எண்ணைக் கண்டு உடனே மனம் தளர வேண்டியதில்லை.

ரயிலில் இல்லாத ஒரு வேடிக்கை இங்கே உண்டு. எண் பின்னாலும் போகும். இன்று உங்கள் எண் 17. நாளை வேறொரு வகுப்பில் ஒரு பிள்ளைக்கு இடம் கிடைக்கிறது. உங்கள் பட்டியலில் 60-ஆவதாக இருக்கும் அந்தப் பிள்ளையின் தம்பி இப்போது உடன்பிறந்தவர் ஆகிவிட்டான், மேலே ஏறுகிறான். நீங்கள் 18. இது மோசடி அல்ல, விதி தன் வேலையைச் செய்கிறது. இரட்டைப் பிள்ளைகளில் ஒருவர் பெயர் விழுந்ததும் மற்றவரைப் பல பள்ளிகள் மேலே கொண்டுவருவதும் இதே முறையில்தான்.

முதல் முறை விண்ணப்பித்தபோது மகளுக்கு இடம் கிடைத்தும் நான் தவறவிட்டேன். பள்ளியின் மின்னஞ்சல் குப்பை அஞ்சல் கோப்பில் போய் விழுந்திருந்தது. கெடு முடிந்து இரண்டு நாள் கழித்துக் கண்ணில் பட்டது. கூப்பிட்டுக் கேட்டேன். அலுவலகத்தில் இருந்த அம்மையார் மிகவும் மரியாதையாக, அந்த இடம் பட்டியலில் அடுத்து இருந்தவருக்குப் போய்விட்டது என்றார். வாதாட ஒன்றுமில்லை. வீட்டில் ஒரு வாரம் என்னோடு யாரும் சரியாகப் பேசவில்லை. அதன் பிறகு குலுக்கல் வாரத்தில் தினமும் இரண்டு முறை குப்பை அஞ்சலைத் திறந்து பார்ப்பது எனக்குச் சந்தியாவந்தனம் மாதிரி ஆகிவிட்டது.

இன்னொன்று: பெரும்பாலான பள்ளிகளில் பட்டியல் அந்தக் கல்வியாண்டோடு காலாவதியாகும். அடுத்த ஆண்டு மறுபடியும் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். போன வருடம் 3-ஆவதாக இருந்தோமே என்ற சீனியாரிட்டி செல்லாது.

பல பள்ளிக்கு ஒரே படிவம்

சில நகரங்களில் பள்ளிக்குப் பள்ளி தனி விண்ணப்பம் கிடையாது. தலைநகர் வாஷிங்டனில் ஒரே படிவத்தில் 12 பள்ளிகள் வரை விருப்ப வரிசைப்படி எழுதலாம். டென்வர், நியூ ஆர்லியன்ஸ் போன்ற நகரங்களும் இப்படிப் பொதுப் படிவம் வைத்திருக்கின்றன. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கல்லூரிகளை விருப்ப வரிசையில் நிரப்பியவர்களுக்கு இது பழகிய வேலைதான். அங்கே வரிசையைத் தீர்மானிப்பது கட்-ஆஃப் மதிப்பெண், இங்கே முன்னுரிமையும் குலுக்கல் எண்ணும்.

இதில் நம்மவர்கள் செய்யும் தவறு ஒன்றுண்டு. மிகவும் பிடித்த பள்ளிக்குப் போட்டி அதிகம், அதை முதலில் எழுதி வீணாக்குவானேன் என்று சுமாரான பள்ளியை மேலே தூக்கி வைத்துவிடுவார்கள். கணினியின் உள்ளே நடப்பது வேறு. உங்கள் முதல் விருப்பமான பள்ளியிடம் கணினி முதலில் கேட்கும். அங்கே எண் எட்டவில்லை என்றால் இரண்டாவது பள்ளியிடம் போகும். அங்கே ஏற்கெனவே தற்காலிகமாக இடம் பிடித்திருப்பவரைவிட உங்கள் எண் நல்ல எண்ணாக இருந்தால் அவரை எழுப்பிவிட்டு உங்களை உட்கார வைக்கும். அவர் அந்தப் பள்ளியை முதலாவதாக எழுதியிருந்தாலும் சரி. கடைசி வரை எதுவும் உறுதியாகாது. ஆக, பிடித்த பள்ளியை மேலே எழுதுவதால் கீழே இருக்கும் பள்ளியில் உங்கள் வாய்ப்பு ஒரு துளியும் குறைவதில்லை. மாற்றி எழுதினால்தான் நஷ்டம். வாஷிங்டனில் ஒரு பள்ளி கிடைத்ததும், அதற்குக் கீழே எழுதிய பள்ளிகளிலிருந்து உங்கள் பெயரை எடுத்துவிடுவார்கள். மேலே எழுதியவற்றின் காத்திருப்புப் பட்டியலில் மட்டும் பெயர் நீடிக்கும்.

இந்தக் கணக்கின் மூலத்தை 1962-இல் எழுதியவர்கள் டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற இரு கணிதவியலாளர்கள். அதைப் பள்ளிச் சேர்க்கைக்கும் வேறு துறைகளுக்கும் கொண்டுவந்த ஆல்வின் ராத்துக்கும் ஷாப்லிக்கும் 2012-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. கல்யாணத் தரகர் வேலைக்கு நோபல் பரிசு என்று கேலியாகச் சொல்லலாம். கேலும் ஷாப்லியும் அந்தக் கட்டுரையில் கல்லூரிச் சேர்க்கையோடு திருமணப் பொருத்தத்தையும் சேர்த்தே பேசினார்கள்.

கேட்கக் கூடாத கேள்விகள்

அரசுப் பள்ளிக்கு உள்ள கட்டுப்பாடு இங்கேயும் உண்டு. குடியேற்ற நிலையைக் காரணம் காட்டிப் பிள்ளையை மறுக்கக் கூடாது என்பது 1982-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ப்ளைலர் வழக்கில் சொன்ன தீர்ப்பு. பெற்றோர் எச்-1பி விசாவில் இருக்கிறார்களா, வேறு எதிலா என்பது சேர்க்கைக்கு ஒரு பொருட்டே இல்லை. உடல் குறைபாடோ கற்றல் குறைபாடோ இருப்பதால் பள்ளி கைகழுவ முடியாது. கலிபோர்னியாவில், சேர்வதற்கு முன் பழைய மதிப்பெண் ஆவணங்களைக் கேட்பதும் கூடாது. பெற்றோர் பள்ளிக்கு வந்து தொண்டு செய்ய வேண்டும் என்று நிபந்தனை போடுவதும் கூடாது. விதிவிலக்காக டெக்சஸில் நிகழ்கலைக்கென்றே நடக்கும் பள்ளி பாடச் சொல்லியோ ஆடச் சொல்லியோ பார்க்கலாம்.

இடம் உறுதியான பிறகு வைக்கும் தேர்வு வேறு. அது எந்தக் கணக்கு வகுப்பில் உட்கார வைப்பது என்று பார்க்கத்தான். வீட்டில் பேசும் மொழி எது என்று கேட்கும் படிவமும் அப்போது வரும். தமிழ் என்று எழுதினால் பிள்ளைக்கு ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள் என்று பயந்து ஆங்கிலம் என்றே எழுதிவிடும் வீடுகளை எனக்குத் தெரியும். தேர்வு வைப்பார்கள்தான். கூடுதல் ஆங்கிலப் பயிற்சி தேவையா என்று அறிவதற்காக அது. அதனால் யாரும் இடத்தைப் பறிப்பதில்லை. உண்மையை எழுதுங்கள்.

அத்தையின் கேள்வி

குலுக்கலில் எடுப்பதால் பள்ளி சுமாரானது என்றாகிவிடாது, சிறந்தது என்றும் ஆகிவிடாது. வேடிக்கை என்னவென்றால், இந்தக் குலுக்கல்தான் ஆய்வாளர்களுக்கு வரமாக அமைந்தது. ஒரே ஆசையோடு விண்ணப்பித்த குடும்பங்களில், பெயர் விழுந்த பிள்ளைகளையும் விழாத பிள்ளைகளையும் சில ஆண்டுகள் கழித்து ஒப்பிட்டால், பள்ளியால் விளைந்தது எது என்று தெரிந்துவிடும் அல்லவா? பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா ஆங்ரிஸ்ட்டும் சக ஆய்வாளர்களும் மாசசூசெட்ஸில் இப்படிப் பார்த்தார்கள். பாஸ்டன் போன்ற நகரப் பள்ளிகளில் படித்தவர்கள் நன்றாக முன்னேறியிருந்தார்கள். புறநகர்ப் பள்ளிகளில் அந்த முன்னேற்றம் இல்லை. ஆகவே சார்ட்டர் என்ற பெயரை மட்டும் நம்பிப் போகாமல் பள்ளிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். உரிமைப் பத்திரம் எந்த ஆண்டு முடிகிறது என்றும் கேளுங்கள். இதை அத்தையிடம் விளக்கியபோது, "அப்படியென்றால் போய்ப் பார்த்தாயா, இல்லையா?" என்று ஒரே கேள்வியில் முடித்தார். பார்த்திருந்தேன்.

மகளுக்கு இரண்டாவது முயற்சியில், ஒன்றாம் வகுப்புக்கு, ஆகஸ்ட் கடைசி வாரத்தில் அழைப்பு வந்தது. பட்டியலில் 17, பிறகு 18, பிறகு 9, பிறகு அந்த அழைப்பு. வேறு பள்ளிக்கென்று நோட்டும் பென்சிலும் வாங்கி வைத்தாயிற்று. பதில் சொல்ல ஒரு நாள்தான் அவகாசம். முகவரிச் சான்றாக மின்கட்டண ரசீது, வாடகை ஒப்பந்தம், பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசிப் பதிவு எல்லாம் ஏற்கெனவே ஒரு உறையில் இருந்ததால் மறுநாள் காலையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தோம்.

இந்த ஆண்டு தம்பியின் முறை. அக்கா அங்கே படிக்கிறாள், பள்ளிக்கு அது தெரியாதா என்று மனைவி கேட்டாள். தெரியாது. படிவத்தில் "உடன்பிறந்தவர் இங்கே படிக்கிறார்" என்ற சின்னக் கட்டத்தில் குறி போட்டு அவள் பெயரையும் வகுப்பையும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் அந்தக் கணினிக்கு அவன் யாரோ ஒரு பையன், 230-இல் ஒருவன்.